வடக்கு மடையில் நல்லது சொன்னவர்

கோயில் என்றால் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மாசானனார் குனிந்து அதன் மடையைப் பார்த்தார். செவிசாய்ந்தநல்லூர்க் கோயிலின் வடக்கு மதிலுக்கு வெளியே இடுப்பளவுப் பள்ளம் ஒன்று உண்டு. கருவறையில் இறைவனுக்கு ஆட்டிய நீரும் பாலும் தேனும் எண்ணெயும் ஒரு கல்மடை வழியாகத் தரைக்கடியில் ஓடிவந்து அந்தப் பள்ளத்தில் விழும். உள்ளே இருந்தவரை அது திருமஞ்சனம். வெளியே விழுந்தபின் சேறு. முந்திய நாள் பூக்கள் அழுகி, பால் திரிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து மடையின் வாயை அடைத்துக்கொள்ளும். அதை நாள்தோறும் கையை விட்டு அள்ளி எடுப்பதே அவர் பணி. அந்த நாற்றத்தை மென்மையாகச் சொல்ல வழியில்லை. அப்பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அவர் பிறந்த குலத்தாருக்குக் கோயிலுக்குள் இடமில்லை என்று அக்காலத்து ஊர் வைத்திருந்தது. அது அறமன்று. அதைப் பூசி மெழுகுவதற்கும் ஒன்றுமில்லை. இறைவன் மேல் பட்ட நீரை முதலில் தொட்டது அவர் கைதான். இறைவனை ஒருமுறையேனும் கண்டிராததும் அவர் கண்தான்.

அள்ளி முடித்ததும் மூங்கில் கழியால் உள்ளே துழாவிப் பார்த்து, மடைவாயில் முகத்தை வைத்து, "விடலாம் சாமீ!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கல்லுக்குள் ஊர்ந்து கருவறைக்குப் போகும். அங்கே குடத்தோடு காத்து நிற்கும் கல்யாண பட்டர் அதைக் கேட்ட பிறகே முதல் குடத்தைக் கவிழ்ப்பார். வழிவழியாக வேலை அப்படித்தான் நடந்தது.

மாசானனார் அதில் ஒன்று சேர்த்துக்கொண்டார். "விடலாம்" என்பதற்கு முன்னால், அன்று தாம் கண்ட நல்லது ஒன்றை மடைவாயில் சொல்வார். நேற்றைய விடியலிலிருந்து இன்றைய விடியல்வரை கண்ணில் பட்டது எதுவானாலும் சரி. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பொய்யாக மட்டும் இருக்கக் கூடாது.

எந்த நாளில் தொடங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், கல்லுக்கு அப்பால் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் வந்தது. கேட்பவரிடம் வேலையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவது மரியாதையாகப் படவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அவர் மனைவியார் வெயிலுகந்தாள் நெல் குத்தப் போகிறவர். குழந்தை இல்லை. கூரையில் ஓலையைவிட வானம் அதிகம். மாலையில் கஞ்சியை ஊற்றிவைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன சொன்னீரு?" என்று கேட்பார். இவர் சொல்வார்.

"அப்புறம்?" என்பார் அம்மையார்.

"அவ்வளவுதான் உகந்தா."

"அவ்வளவுதானா? அந்த ஓணான் அப்புறம் என்ன பண்ணுச்சு? பாக்காமயா வந்துட்டீரு?"

இவர் யோசித்து இன்னும் கொஞ்சம் சொல்வார். மறுபடியும் "அப்புறம்?" வரும். இவரிடம் சொல்ல ஏதும் இல்லாமல் போனபின் அம்மையார் சிரிப்பார். அவர்கள் வீட்டுக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள இருந்தது பெரும்பாலும் அந்தச் சிரிப்புத்தான்.

ஒருமுறை சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்று விதி வைத்ததும் அம்மையார்தான். "நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொன்னா, கேக்குத ஆளுக்கு என்ன மரியாதை?" என்றார். கேட்க எளிதாகத் தோன்றும் விதி. கடைப்பிடித்துப் பார்த்தால் முதுகெலும்பு வளையும். பழைய நல்லது செல்லாது என்றானதும் மாசானனாரின் கண் நாள் முழுவதும் தேடத் தொடங்கியது. நடக்கையில் தேடியது, சேற்றில் நிற்கையில் தேடியது, ஒருவர் ஏசுகையிலும் தேடியது. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை ஊரார் பிறவிக் குணம் என்றார்கள். அது பிறவியில் வந்ததல்ல. மண்வெட்டி பிடித்த கை காய்ப்பதுபோல, தேடித் தேடி வந்தது.

அந்த ஊரில் இதைப்போல விபரீதமான பழக்கம் வேறில்லை. காரணம், அங்கே இறைவன் திருநாமம் செவிசாய்த்த நாதர். சிவலிங்கத் திருமேனி சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடியார் குறைகளைக் கேட்கக் காது கொடுத்துச் சாய்ந்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே கோயிலுக்குப் போவது என்றால் குறை சொல்லப் போவது. குறை மெய்யாகப் படவேண்டும் என்பதற்காக நகைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, இருப்பதில் கிழிந்த துணியை உடுத்திப் போவார்கள். திருவிழா நாளில் வந்த அயலூரார், ஊரே பஞ்சத்தில் அடிபட்டது என்று நினைத்துச் சில்லறை போட்ட கதையும் உண்டு.

கோயில் காரியம் பார்க்கும் மணியம் அனவரதம் பிள்ளை இதில் கைதேர்ந்தவர். தோப்பும் துரவும் உள்ளவர். கோயிலுக்கென்றே ஒரு கிழிந்த வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். அது மேலும் கிழிந்துவிடாமல் தைத்துக் காப்பாற்றியும் வந்தார். அவர் இறைவனிடம் நாளும் வைத்த குறை முழங்கால் வலி. அதைப் பல விதமாகச் சொல்வார். தூண் மறைவில் நின்று கேட்டவர்களுக்கு அழுகை வரும்.

ஒரு விடியலில் அவர் வடக்கு மதிலோரம் வந்தபோது பள்ளத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"வரப்புல ஒரு நண்டு, சாமி. வளைய விட்டு வெளிய வந்துட்டு, ஒரு காலை மட்டும் உள்ளயே வச்சுக்கிட்டு, போவமா வேண்டாமான்னு நின்னுது. நானும் நின்னு பாத்தேன். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. விடலாம் சாமீ!"

"ஏல மாசானம்! சாக்கடைக்குள்ள யாருகிட்டல கதையடிக்கே?"

மாசானனார் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். "சாமிகிட்டதான் ஐயா."

"நண்டுக் கதையவா?"

"ஊரு பூரா அழுததையே கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்திருக்கும்லா."

பிள்ளைக்கு முகம் சுண்டியது. "கூறுகெட்ட பயல. நான் சந்தோசமா இருக்கேன்னு நீயே போய்ச் சொன்னா அவரு என்னல நினைப்பாரு? இவனுக்கு நம்ம தயவு வேண்டாம்னு கைய எடுத்துருவாரு. குடுத்ததையும் பிடுங்கிருவாரு, பாத்துக்க."

"பிடுங்குத அளவுக்கு என்கிட்ட என்ன ஐயா இருக்கு?" என்று சிரித்தார் மாசானனார்.

இருந்தது. அந்த மழைக்காலத்தில் வெயிலுகந்தாளுக்குக் காய்ச்சல் கண்டது.

ஒழுகும் கூரையின் கீழ் காய்ச்சல் எப்படிப் போகும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கஷாயம் இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ஆனாலும் மாசானனார் காலையில் மடைக்குப் போய்த் திரும்பியதும் படுக்கையிலிருந்து, "என்ன சொன்னீரு?" என்று உதடு அசையும். இவர் சொல்வார். "அப்புறம்?" என்பதற்குக் குரல் வராது. புருவத்தை மட்டும் உயர்த்துவார்.

கோழி கூவும் நேரத்தில் அம்மையாரின் மூச்சு நின்றது.

உறவுப் பெண்கள் கூடி ஒப்பாரி தொடங்கினார்கள். மாசானனார் உடலருகே அமர்ந்திருந்தார். கிழக்கு வெளுத்தது. அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மூங்கில் கழியை எடுத்தார்.

"பொண்டாட்டிய இப்படிப் போட்டுட்டு எங்கவே போறீரு?" என்று ஒருத்தி கத்தினாள்.

"மடை அடைச்சுக் கிடக்கும்" என்றார். குரல் உடைந்திருந்தது. கால் நடந்தது.

அன்று மடையை அள்ளினார். கழியால் துழாவினார். மடைவாயில் முகத்தை வைத்தார். சொல் வரவில்லை. உள்ளே பட்டர் குடத்தோடு நின்றார். எப்போதும் வரும் குரலைக் காணோம். ஏதோ ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கல்லுக்குள் கேட்டது. நெடுநேரம் அது மட்டுமே கேட்டது.

பிறகு வந்தது. "சாமி. அவ தண்ணி கேட்டா. நான் பக்கத்துலயே இருந்தேன். குடுத்தேன். குடிச்சா. இன்னைக்கு அதான் சாமி." சற்றுப் பொறுத்து, "விடலாம்."

பட்டர் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் பாதி திருமேனியிலும் பாதி தம் காலிலும் விழுந்தது.

செய்தி அனவரதம் பிள்ளைக்குப் போனது. சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாசானனாரை அவர் தெருமுனையில் நிறுத்தினார். சுற்றிலும் கூட்டம்.

"சாவுத் தீட்டோட கோயில் மடையத் தொட்டியால?"

"மடை வெளியதான ஐயா இருக்கு. நான் என்னைக்கும் வெளியதான நின்னேன்."

"வாய் வேறயா? பொண்டாட்டி செத்துக் கிடக்கா, நல்லது நடந்துச்சுன்னு சொன்னியாம. நெஞ்சா அது, கருங்கல்லா?"

மாசானனார் பதில் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அது தெருவில் சொல்லும் பேச்சன்று.

"இனி மதில் பக்கம் உன் நெழலு விழப்படாது. மடைக்கு வேற ஆளு வாரான். போ."

மாசானனார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கூலி போகும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "அப்ப சாமிகிட்ட யாரு ஐயா சொல்லுவா?" என்று கேட்டார்.

"அவருகிட்டச் சொல்ல ஊரே இருக்குல!"

கூட்டம் சிரித்தது. சாவு வீட்டுக்காரன் முன் சிரிக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துக்கத்தோடு நிற்கவில்லை. "நல்லா இருக்கேன்னு நாளும் சொன்னீரு. எடுத்துக்கிட்டாரு பாத்தீரா?" என்று ஒருவர் சொல்லியே விட்டார்.

"நான் நல்லா இருக்கேன்னு ஒரு நாளும் சொல்லலியே," என்றார் மாசானனார். "நல்லது ஒண்ணு பாத்தேன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

வந்தவருக்குப் புரியவில்லை. எழுந்து போய்விட்டார்.

மாசானனார் பிறர் வயலில் வரப்பு வெட்டப் போனார். மாலையில் கஞ்சியை அவரே காய்ச்சினார். "என்ன சொன்னீரு?" என்று கேட்க ஆளில்லை. சொல்வதற்கு மடையும் இல்லை. இத்தோடு அந்தப் பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவர் விடவில்லை. நாளும் ஒன்று தேடினார். கிடைத்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. "இது அவருக்கு உள்ளது. நான் வச்சுக்கிட முடியாது" என்று நினைத்தார். படுக்கும் முன், மடையை இழந்த முதல் நாள் நல்லதிலிருந்து வரிசையாக மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்து, கடைசியில் அன்றையதைச் சேர்த்துக்கொள்வார். மறுபடி ஒரு நாள் அந்த மடைவாயில் தம் முகம் படும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. எப்படி என்று மட்டும் தெரியாது.

கோயிலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

புதிய ஆள் ஒழுங்காகத்தான் மடையை அள்ளினான். ஒழுங்காகத்தான் "விடலாம்" என்றான். ஆனால் தண்ணீர் முன்போல ஓடவில்லை. முதலில் மெதுவாக வடிந்தது. பின்பு இன்னும் மெதுவாக. கருவறைத் தரை காயாமலே கிடந்தது. பட்டரின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டது. புதியவனைக் கூப்பிட்டு ஏசினார்கள். அவன் நீளக் கயிற்றில் தேங்காய் நாரைச் சுருட்டிக் கட்டி, பட்டரை உள்ளிருந்து விடச் சொல்லி வெளியே இழுத்துக் காட்டினான். நார் தடையில்லாமல் வந்தது. மடையில் ஒரு பூவிதழ்கூட இல்லை.

இந்த நிலையில் ஆண்டுப் பெருமஞ்சனம் வந்தது. அந்த நாளில் இறைவன் குளிரக் குளிர நீராடினால்தான் ஊர் ஏரி நிறையும் என்பது பரம்பரை நம்பிக்கை. விதைப்பே அதற்குப் பிறகுதான். ஊர் முழுவதும் கந்தலுடுத்துக்கொண்டு வந்து நின்றது. பட்டர் ஊற்றத் தொடங்கினார். நீர், பால், இளநீர், கரும்புச் சாறு. எதுவும் வடியவில்லை. பீடத்தைச் சுற்றித் தேங்கியது. பட்டரின் கணுக்கால் ஏறியது. கருவறை வாசற்படியைத் தொட்டது. குத்துவிளக்கின் அடித்தட்டு நீருக்குள் போயிற்று. இறைவன் அழுக்கு நீரில் நிற்கிறார் என்று வெளியே செய்தி பரவியதும் ஊர் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. ஓவென்று அழுது குறை சொல்லிற்று. சொல்லச் சொல்ல நீர் ஏறியதே தவிர இறங்கவில்லை.

அனவரதம் பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். "பட்டரே, மடைய ஒடைச்சாவது அடைப்ப எடுக்கச் சொல்லுதேன்."

பட்டர் நனைந்த வேட்டியோடு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "அடைப்பு மடையில இல்ல ஓய்."

"பின்ன எங்க இருக்கு?"

"முதல் குடத்துக்கு முன்னால கல்லுக்குள்ள இருந்து ஒரு குரல் வரும். நண்டு, ஓணான், தண்ணி குடுத்தேன்னு ஏதாவது சொல்லும். அது வந்து எத்தனை நாளாச்சு, சொல்லும்." பட்டர் லிங்கத்தைப் பார்த்தார். "அது நமக்கு வேணாம்னு நீர் முடிவு பண்ணினீர். அவர்கிட்டக் கேட்டீரோ?"

இதற்கு ஏவலாளை அனுப்பினால் ஆகாது என்று பிள்ளைக்கே தெரிந்துவிட்டது போலும், வலிக்கும் முழங்காலோடு தாமே கிளம்பினார்.

மாசானனார் வயலில் நின்றார். கந்தல் வேட்டியில் சேறு தெறிக்க வரப்பில் தடுமாறி வரும் மணியத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். தெருமுனையில் கேட்ட சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது. பிள்ளை நடந்ததைச் சொன்னார். இறைவன் நீரில் நிற்கிறார் என்று கேட்ட இடத்தில் கோபம் எங்கோ போயிற்று.

"இருங்க ஐயா, கழிய எடுத்துக்கிடுதேன்."

"கழி வேண்டாம். மடை சுத்தமாத்தான் இருக்கு."

"பின்ன நான் எதுக்கு?"

பிள்ளை தரையைப் பார்த்தார். பல காலம் குறை சொல்லிப் பழகிய நாக்கு, இதைச் சொல்லத் திணறியது. "உன்... உம்ம பேச்சக் கேக்கணும்ங்காரு போலிருக்கு."

வடக்கு மதிலோரம் ஊர் கூடியிருந்தது. மாசானனார் பள்ளத்தில் இறங்கினார். மடைவாயில் ஒரு சொட்டும் இல்லை, கல் காய்ந்திருந்தது. இரு கைகளையும் மதிலில் ஊன்றி முகத்தை உள்ளே வைத்தார்.

"சாமி, மாசானம் வந்திருக்கேன். சேத்து வச்சிருக்கேன், ஒண்ணொண்ணா சொல்லட்டா?"

சொன்னார்.

"எரிச்சுட்டு வந்த அன்னைக்கு, அடுத்த வீட்டுக்காரரு கஞ்சி கொண்டாந்து வச்சாரு. ஒரு வார்த்தை பேசல. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தாரு."

கல் ஈரமாயிற்று.

"உகந்தா நட்ட சுரைக்கொடி பூத்துட்டு. அவ இல்லன்னு அதுக்குத் தெரியல. நானும் சொல்லல."

ஒரு சொட்டு விழுந்தது.

"அணிலு வந்து அவ தலையாணிப் பஞ்சப் பிடுங்கிட்டுப் போச்சு. மொதல்ல வெரட்டினேன். அப்புறம் பாத்தா, கூட்டுல குஞ்சு வச்சிருக்கு. கெடக்கட்டும்னு தலையாணியவே வெளிய வச்சுட்டேன்."

நூல்போல நீர் இறங்கியது.

"சோத்தத் தீய விட்டுட்டேன் சாமி. எனக்கு வடிக்கத் தெரியல. ஆனா அந்த அடிப்பத்து இருக்கே, அம்புட்டு ருசி."

மதிலோரத்தில் யாரோ சிரித்தார்கள். தெருமுனையில் கேட்ட சிரிப்பு அல்ல இது.

"வயல்ல என்கூட நின்ன ஆளு, நான் கேக்காமலே வெயில் அடிக்கிற பக்கத்த அவரு எடுத்துக்கிட்டாரு. ஒரு நாளு, மழை பெய்யுது, நான் புளியமரத்துல இருந்து வீட்டுக்கு ஓடுதேன், அந்த நேரத்துக்கு மட்டும் நின்னு குடுத்துச்சு. ஒரு நாளு ஒண்ணுமே ஆப்பிடல சாமி. பொழுது சாயுற வரைக்கும் தேடுனேன். கடைசில, இந்தப் பாடுபட்டும் தேடிக்கிட்டுத்தான இருக்கோம், அதையே வச்சுக்கிடுவோம்னு வச்சுக்கிட்டேன்."

ஒவ்வொன்றுக்கும் நீர் பெருகியது. அவர் முழங்கால்வரை ஏறியது. விட்டுப்போன நாட்களில் ஒரு நாளும் விடாமல் சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ்வளவுதான் சாமி" என்றார்.

நீர் நின்றது.

பிள்ளை மதிலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மடைக்குள்ளிருந்து, கல்லைத் தடவிக்கொண்டு வருவதுபோல, ஒரு குரல் வந்தது.

"அப்புறம்?"

உள்ளே இருந்த பட்டர் அதைத் தம் முதுகுக்குப் பின்னால் கேட்டார். திரும்பிப் பார்த்தால் லிங்கம் ஒன்றே இருந்தது. வெளியே இருந்தவர்கள் பட்டர்தான் பேசினார் என்று நினைத்தார்கள். மாசானனாருக்கு மட்டும் மயக்கம் இல்லை. அந்தச் சொல்லை அந்த விதமாகக் கேட்கும் குரலை அவர் அறிவார். மாலைதோறும் கஞ்சிக்கு முன்னால் வெயிலுகந்தாள் வாயால் தம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்பதும் அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிற்று.

சாவன்று வராத கண்ணீர் அப்போது வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"அப்புறமா?" என்றார். "இப்ப நீரு கேட்டீரே சாமி. இன்னைக்கு அதான். விடலாம் சாமீ, விடலாம்!"

மடை இடித்துக்கொண்டு வந்தது. பாலும் இளநீரும் கரும்புச் சாறும் கலந்து ஒரே வீச்சில் அவர் தலைமேல் விழுந்தது. இறைவனுக்கு ஆட்டியதெல்லாம் அவருக்கு ஆட்டினாற்போல் ஆயிற்று. அந்த வெள்ளத்தோடு ஒரு மாலையும் வந்தது. சற்றுமுன் பட்டர் இறைவன் முடியில் சாத்திய செண்பக மாலை. முடியிலிருந்து அது தானே நழுவி மடைக்குள் இறங்கியதைப் பட்டர் கண்டார். கசங்காமல், ஓர் இதழ் உதிராமல் வந்து மாசானனார் கையில் தங்கியது. வாழ்நாளெல்லாம் அழுகிய பூவை அள்ளிய கை. பூவின் புது மணம் எப்படி இருக்கும் என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.

பட்டர் ஈர வேட்டியோடு பள்ளத்துக்கு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். மாலையை அவர் கழுத்திலிட்டு, கிழக்கு வாசல் வழியே உள்ளே அழைத்துப் போனார். தடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அன்று திறந்த வாசல் பிறகு அவர் குலத்தாருக்கு அடைபடவே இல்லை.

கருவறைத் தரை துடைத்துவிட்டாற்போல இருந்தது. மாசானனார் முதன்முறையாக இறைவனைப் பார்த்தார். திருமேனி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் நிற்பது ஊர்ப் பெரிய மனிதர்கள். ஆகவே தங்கள் குறையைக் கேட்கவே சாய்ந்தார் என்று அவர்கள் காலமெல்லாம் பெருமையடித்து வந்தார்கள். கிழக்கே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. வடக்கே திருமேனியின் அடியில் தொடங்குவது மடை. பெரிய மனிதர்கள் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை, குறை நிறைய இருந்தது.

"சாஞ்சுதான் இருக்கீரு" என்றார் மாசானனார், பழகியவரிடம் பேசுவதுபோல. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் அவர் மீண்டும் பள்ளத்தில் இருந்தார். பட்டமும் பரிவட்டமும் தருகிறோம் என்றார்கள். மடை அடைத்துக்கொள்ளுமே என்று இவர் வந்துவிட்டார். அள்ளிக்கொண்டிருக்கையில் அனவரதம் பிள்ளை வந்து நின்றார். கந்தலில்லை, வெளுத்த வேட்டி.

"வே மாசானம். நானும் ஒண்ணு சொல்லலாம்னு வந்தேன். யோசிச்சுப் பாத்தா ஒண்ணும் தோண மாட்டேங்கு. குறைன்னா இப்பவே பத்துச் சொல்லுவேன்."

"முட்டி வலின்னு நாளும் சொல்லுவீயளே ஐயா," என்றார் மாசானனார். "அந்த முட்டியோட நேத்து என் வயலு வரைக்கும் நடந்து வந்துட்டியளே."

பிள்ளை வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே பள்ளத்தில் இறங்கி, மடைவாயில் முகத்தை வைத்தார். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தவில்லை.

"சாமி," என்றார். "நடந்துட்டேன்."

அன்றுமுதல் அந்த ஊரில் வடக்கு மடையில் நல்லது ஒன்றைச் சொல்லிவிட்டே கிழக்கு வாசலுக்குப் போவது வழக்கமாயிற்று. கந்தல்கள் பரண் ஏறின. குறைகள் தீர்ந்துவிடவில்லை. வலியும் சாவும் மற்ற ஊர்களைப்போல அங்கும் உண்டு. ஆனால் ஏரி அவ்வாண்டு கரை தொட்டு நின்றது. விடியலில் அவ்வூர்த் தெருவில் நடப்பவர்கள் எதையோ தேடுகிறவர்கள்போல் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார்கள்.

ஊரெல்லாம் கேட்டுப் பெற நின்ற இடத்தில், கண்டு வந்து கொடுத்தவர் அவர் ஒருவரே. இறைவனையே "அப்புறம்?" என்று கேட்கவைத்த மடைக்கார மாசானனாரின் சேறு படிந்த திருவடிகளுக்கு நம் தலை தாழட்டும்.